அரிக்கமேட்டுப் பாசிமணி

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பத்து ஆறு கடலைத் தேடி வளைந்து போகிற இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. அரிக்கமேடு என்று பெயர். சரித்திரப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு ஆசையோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். மாவும் தென்னையும் நிழல் விரித்திருக்கும். நடுவில் இடிந்த செங்கல் சுவர்கள் நிற்கும். "ஆகா, ரோமாபுரி வியாபாரிகள் குடியிருந்த மாளிகை!" என்று அந்தச் சுவரைத் தடவிப் பரவசப்படுகிறவர்கள் உண்டு. பாவம், அது 18ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் கட்டிய மடத்தின் மிச்சம். அதற்கும் ரோமாபுரிக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. அசல் அரிக்கமேடு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. தோண்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிய குழிகளுக்குள் இருக்கிறது.

அந்தக் குழிகளிலிருந்து வெளியே வந்த பொருள்களில் மதுச்சாடி உண்டு, பளபளக்கும் சிவப்புக் கிண்ணத்தின் ஓடு உண்டு, பழைய தமிழ் எழுத்துக் கீறிய பானைத் துண்டு உண்டு. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது இவற்றைப் பற்றியல்ல. கொத்தமல்லி விதையளவு கண்ணாடி மணியைப் பற்றி. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு என்று பல நிறத்தில் அங்கே இது ஏராளமாக அகப்பட்டிருக்கிறது. நம்முடைய ஊர்த் திருவிழாக்களில் நரிக்குறவர் பெண்கள் தோளில் சரம் சரமாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்களே, அந்தப் பாசிமணியேதான். இரண்டாயிரம் வருஷத்து மணியையும் போன மாசத்து மணியையும் உள்ளங்கையில் கலந்து வைத்தால், எது எதுவென்று சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. விஞ்ஞானிகளால் முடியும். எப்படி முடிகிறது என்பதும், முடிந்ததால் என்ன வழக்குத் தீர்ந்தது என்பதும் ஒரு நல்ல கதை.

வழக்கு என்றேன் அல்லவா? அது என்ன வழக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த மேட்டைப் பற்றி முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் லெ ஜான்தீல் என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி. சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடந்து போவதைப் பார்க்கவென்று கப்பலேறி வந்தவர். 1761இல் அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடுகிற கப்பலில் இருந்துகொண்டு அளவெடுக்க முடியவில்லை. அடுத்த தடவை 1769இல். எட்டு வருஷம் இந்தப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து, புதுச்சேரியில் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்று காலை பார்த்து வானத்தை மேகம் மூடிக்கொண்டது! இப்படி ஓர் அதிர்ஷ்டக்கட்டையை எந்தக் கதாசிரியரும் துணிந்து கற்பனை செய்ய மாட்டார். வானத்தில் நஷ்டப்பட்டாலும் பூமியில் ஒரு காரியம் செய்தார். வீராம்பட்டினத்து மக்கள் ஆற்றங்கரையிலிருந்து பழைய பெரிய செங்கற்களைப் பெயர்த்து எடுத்துப் போவதைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அதற்குப் பிறகு நூற்றறுபது வருஷத்துக்கு மேல் யாரும் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

1937இல் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழுவோ துய்ப்ரேய், அந்த ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார். அவற்றில் ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. அது அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தலை என்று அவர் கருதினார். பிறகு 1944இல், இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக அப்போதுதான் வந்திருந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு சாடியின் உடைந்த கழுத்தைக் கண்டு திடுக்கிட்டார். மத்திய தரைக்கடல் நாடுகளில் திராட்சை மது நிரப்பி அனுப்பும் இரட்டைப்பிடிச் சாடி அது. எங்கே கிடைத்தது என்று விசாரித்தால், பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் என்றார்கள். மறு வருஷமே, 1945இல், எல்லை தாண்டி வந்து தோண்டினார். இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊர்ப் பக்கத்துக் குயவர்கள் செய்த சிவப்புக் கிண்ண ஓடுகள், செய்தவன் பெயர் முத்திரையோடு வெளியே வந்தன. அந்தக் கிண்ணம் எந்தக் காலத்தது என்று ஐரோப்பாவில் நன்றாகத் தெரியும். ஆகவே அதே படிவத்தில் கிடந்த நம் நாட்டுப் பானைகளுக்கும் வயது தெரிந்துபோயிற்று. தென்னிந்திய சரித்திரத்துக்கு ஒரு நங்கூரம் கிடைத்தது என்றே சொல்லலாம்.

வீலர் 1946இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு, அரிக்கமேடு ஒரு 'இந்தோ-ரோமானிய வர்த்தக நிலையம்' என்பது. பெயர் என்பது பொல்லாத விஷயம். ஒரு குழந்தைக்கு வைத்தாலும் சரி, ஒரு மேட்டுக்கு வைத்தாலும் சரி, ஒட்டிக்கொண்டால் போகாது. வெகு காலம் நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனத்தில் பதிந்தது என்ன? யவனர்கள் வந்தார்கள், கட்டினார்கள், வாணிகம் நடத்தினார்கள் என்பதுதான். சரித்திர நாவல் எழுதும் என் இனத்தாரும் சும்மா இருக்கவில்லை. கதாநாயகி கையில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்தால், பக்கத்தில் அதைக் கொண்டுவந்த யவனன் ஒருவனை நிறுத்தாமல் எங்களுக்கு எழுத வராது. இந்தியனிடம் முத்து உண்டு, மிளகு உண்டு, மஸ்லின் உண்டு. கண்ணாடி மட்டும் மேற்கேயிருந்து வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ ஊறிவிட்டது.

அந்த எண்ணத்துக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 'பெரிப்ளூஸ்' என்று, முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்த கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய கடல் வழிக் குறிப்பு இருக்கிறது. பொதுகே என்று அதில் வரும் துறைமுகம் இந்தப் பக்கத்தது என்பது பலருடைய அபிப்பிராயம். அதே குறிப்பில், முசிறித் துறைமுகத்துக்கு மேற்கிலிருந்து என்னென்ன இறக்குமதியாகும் என்ற ஜாபிதாவில் 'வடிவாக்காத கண்ணாடி' என்று ஒரு சரக்கு வருகிறது. அதாவது கிண்ணமோ மணியோ அல்ல, வெறும் கட்டி. கண்ணாடித் தொழிலில் அந்தக் காலத்தில் இரண்டு பிரிவு உண்டு. மணலையும் காரத்தையும் உருக்கிக் கண்ணாடிக் கட்டி எடுப்பது ஒரு தொழில். அந்தக் கட்டியை வாங்கி மறுபடி இளக்கி மணியாகவோ குப்பியாகவோ செய்வது இன்னொரு தொழில். முன்னது ஓர் ஊரில் நடக்கும்; பின்னது கடல் தாண்டி எங்கேயோ நடக்கும். துருக்கிக் கரைக்கு அருகே உலுபுருன் என்ற இடத்தில், கி.மு. 1300ஐ ஒட்டி முழுகிப்போன கப்பல் ஒன்றை 1984 முதல் 1994 வரை மூழ்கி மூழ்கி ஆராய்ந்தார்கள். அதில் வட்டக் கருப்பட்டி போல வார்த்த கண்ணாடிக் கட்டிகள் சுமார் 175 இருந்தன. கண்ணாடி கட்டியாகவே பிரயாணம் செய்யும் வழக்கம் அவ்வளவு பழையது.

ஆகவே கேள்வி இப்படி வந்து நின்றது. அரிக்கமேட்டில் மணி செய்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. உடைந்த குழல், உருகி வழிந்த துண்டு, கோணலாகிப்போன மணி என்று பட்டறைக் கழிவு அங்கேயே அகப்பட்டிருக்கிறது. ஆனால் செய்தது யாருடைய கண்ணாடியில்? ரோமாபுரிக் கட்டியை வாங்கி நம்மவர்கள் வெறுமனே துளை போட்டார்களா? அல்லது கண்ணாடியே இந்த மண்ணில் பிறந்ததா? பானை ஓட்டில் குயவன் தன் பெயரைக் குத்தியிருந்தான். மணியில் யாரும் பெயர் எழுதவில்லை.

சாம்பாரை ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டு, "இது புதுப் புளி; தண்ணீர் உப்பு; பருப்பு வேகவில்லை" என்று சொல்லிவிடுகிற பாட்டிமார்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். கண்ணாடி விஷயத்தில் விஞ்ஞானிகள் செய்வது அதைத்தான். கண்ணாடி என்பது உருகிய மணல். வெறும் மணலை உருக்க 1,700 டிகிரி வெப்பம் வேண்டும். பழைய கால உலைகளுக்கு அது எட்டாது. ஏதாவது காரத்தைச் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம் டிகிரியிலேயே இளகிவிடும். ஆனால் காரம் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீர் பட்டால் கரையும். அதைத் தடுக்கக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மணல், காரம், சுண்ணாம்பு: இவ்வளவுதான் சமையல். ருசி மாறுவது எங்கே என்றால், ஒவ்வொரு தேசத்தானும் தன் வீட்டு வாசலில் கிடைத்த மணலையும் காரத்தையும் போட்டான் என்பதில்தான்.

ரோமானியர்களுக்கு எகிப்தில் நேட்ரான் என்ற உப்பு, வற்றிப்போன ஏரிகளில் பாளம் பாளமாகக் கிடைத்தது. மிகச் சுத்தமான சோடா உப்பு அது. அதைப் போட்டுச் செய்த கண்ணாடியில் பொட்டாஷும் மக்னீஷியாவும் மிகக் குறைவு. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கைத் தாண்டாது. அவர்களுடைய கடற்கரை மணலும் நல்ல மணல். அலுமினா என்ற களிமண் சத்து அதில் கொஞ்சம்தான். ஆகவே கண்ணாடியில் அலுமினா இரண்டு, மூன்று பங்குக்குள் நிற்கும். பாரசீகத்துப் பக்கத்தில் சில செடிகளைச் சுட்டுச் சாம்பலைக் காரமாகப் போட்டார்கள். அந்தக் கண்ணாடியில் மக்னீஷியா ஏறிவிடும். இந்தியாவில் என்ன போட்டார்கள்? கோடையில் தரையில் வெள்ளையாகப் பூக்குமே உவர்மண், முன்பு துணி வெளுக்க வெள்ளாவிக்கு எடுப்பார்களே, அதுதான் காரம். அது மண்ணோடு கலந்தே வரும். நம் மணலோ கருங்கல் பாறை உதிர்ந்து உண்டான மணல். ஆக, கண்ணாடியில் அலுமினா அஞ்சு பங்குக்கு மேல் போகும், பத்தையும் தொடும். ரோமானியக் கண்ணாடிக்கும் நம் கண்ணாடிக்கும் முகஜாடையிலேயே இவ்வளவு பேதம்.

இதைக் கண்டுபிடிக்க ஆரம்ப காலத்தில் மணியைக் கொல்ல வேண்டியிருந்தது. பொடி செய்து, திராவகத்தில் கரைத்து, ஒவ்வொரு சத்தாகப் பிரித்து நிறுப்பார்கள். ஒரு மணி போதாது. பல மணி வேண்டும். சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளச் சரித்திரத்தையே அழிப்பதா என்று தயங்கினார்கள். பிறகு எக்ஸ்ரே கதிரை மேலே பாய்ச்சிப் பார்க்கும் முறை வந்தது. மணிக்குச் சேதமில்லை. ஆனால் கதிர் மேல்தோலோடு நின்றுவிடும். இரண்டாயிரம் வருஷம் ஈர மண்ணில் கிடந்த கண்ணாடியின் மேல்தோலில் காரமெல்லாம் கசிந்து வெளியே போயிருக்கும். தோலைப் பார்த்துப் பழத்தின் ருசியைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இப்போது செய்கிற முறை வேறு. மணியைச் சிறு அறைக்குள் வைத்து மூடி, லேசர் கதிரை ஒரே புள்ளியில் விடுகிறார்கள். புள்ளியின் அகலம் ஒரு தலைமயிரின் பருமன் இருந்தால் அதிகம். முதல் சில விநாடி கெட்டுப்போன மேல்தோல் ஆவியாகிப் போகும். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்துக் கிளம்பும் ஆவி உள்ளேயிருக்கும் நல்ல கண்ணாடியினுடையது. அதை ஆர்கான் வாயு ஏந்திக்கொண்டு போய், பல ஆயிரம் டிகிரியில் ஜொலிக்கும் பிளாஸ்மாவில் தள்ளும். அங்கே ஒவ்வொரு அணுவும் மின்சாரம் ஏறி, கனம் கனமாகப் பிரிந்து எண்ணப்படுகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட மூலகங்களை, பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால்கூட, கணக்கெடுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்து மணியை எடுத்துப் பார்த்தால் காயம் கண்ணுக்குத் தெரியாது. ஊசி குத்திய குழந்தையாவது அழும். இது அதுவும் இல்லை.

யந்திரம் சொல்வது நிஜம்தானா என்று சோதிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் ராபர்ட் பிரில் என்ற ரஸாயன நிபுணர் இருந்தார். பழங்காலக் கண்ணாடிகளின் கூட்டுப் பொருள்களை அப்படியே பின்பற்றி நாலு மாதிரிக் கண்ணாடிகளைத் தயார் செய்ய வைத்தார். அவற்றில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். எந்த ஆராய்ச்சி சாலையும் முதலில் அந்த மாதிரியை அளந்து, தன் தராசு சரிதான் என்று நிச்சயம் செய்துகொண்டுதான் பழைய மணிக்குப் போகிறது. கடைத்தெருவில் எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிற மாதிரி. இந்தியக் கண்ணாடிகள் பலவற்றைப் பிரில் தாமே பகுத்து, 1987இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்.

பிரான்சில் ஒர்லேயான் நகரத்து ஆராய்ச்சி சாலையில் பெர்னார் கிராத்யூஸும், பிற்பாடு சிகாகோ பீல்டு அருங்காட்சியகத்தில் லோர் துய்ஸ்ஸுபியே என்ற பெண்மணியும் இந்த லேசர் முறையில் ஆசிய மணிகளை வருஷக்கணக்காக அளந்தார்கள். அரிக்கமேட்டு மணிகளும் அவற்றில் அடக்கம். தீர்ப்பு என்ன? அந்த மணிகளில் பெரும்பாலானவை ரோமானிய நேட்ரான் கண்ணாடி அல்ல. ஒரு பகுதி, அலுமினா மிகுந்த நம் உவர்மண் கண்ணாடி. இன்னொரு பகுதி, சோடாவுக்குப் பதிலாகப் பொட்டாஷ் சேர்ந்த வேறொரு ஆசியக் கண்ணாடி. அங்கே கிடைக்கும் கருநீல மணிகள் பல இந்த வகை. ரோமானியக் கண்ணாடிப் பாத்திரங்களின் துண்டுகள் அதே மேட்டில் கிடைத்திருக்கின்றன. வந்தது வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. மேற்கேயிருந்து கப்பல்கள் வந்து நிற்கும் ஊரிலேயே, மணிக்காரன் பெரும்பாலும் தனக்குப் பழகிய நம் பக்கத்துக் கண்ணாடியைத்தான் உலையில் போட்டுக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் ரோமானியப் பெரியவர் பிளினி ஞாபகத்துக்கு வருகிறார். இந்தியாவில் பளிங்கை உடைத்துக் கண்ணாடி செய்கிறார்கள், ஆகவே இந்தியக் கண்ணாடிக்கு ஈடில்லை என்று சிலர் எழுதியிருப்பதாக அவர் குறித்து வைத்திருக்கிறார். நம்மைப் புகழ்ந்திருக்கிறாரே என்று நாம் மகிழ்ந்து மேற்கோள் காட்டுவது வழக்கம். யந்திரம் தாட்சண்யம் பார்ப்பதில்லை. பளிங்கு சுத்தமான மணல் சத்து. அதை உடைத்துப் போட்டிருந்தால் அலுமினா இவ்வளவு ஏறியிருக்காது. நம்மவர்கள் போட்டது பளிங்கல்ல, ஆற்றோரத்துச் சாதாரண மணல். அழுக்கு மணலிலிருந்து அப்பேர்ப்பட்ட நிறங்களை எடுத்தான் என்பது எனக்கு என்னவோ பளிங்கை உடைத்ததைவிடப் பெரிய வித்தையாகத் தோன்றுகிறது.

அந்த வித்தை மணியின் வடிவத்திலும் இருக்கிறது. பூதக்கண்ணாடி ஒன்று போதும் இதைப் பார்க்க. கம்பியில் இளகிய கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிச் செய்த மணியில், உள்ளே அகப்பட்ட காற்றுக்குமிழிகள் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். அரிக்கமேட்டு மணியில் குமிழிகள் துளைக்குப் பக்கவாட்டில் நீளமாக, ஓடம் ஓடமாக இழுபட்டிருக்கும். அதாவது, நீண்ட குழலாக இழுத்து, பிறகு துண்டு துண்டாக நறுக்கிய மணி. கண்ணாடியில் துளையுள்ள குழலை இழுப்பது எப்படி? இதற்கு விடை புத்தகத்தில் இல்லை. ஆந்திராவில், காளஹஸ்திப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டை என்ற கிராமத்தில் இருந்தது. அமெரிக்கரான பீட்டர் பிரான்சிஸ் என்ற மணி ஆராய்ச்சியாளர், அங்கே இந்த முறையில் மணி இழுப்பவர்கள் இருப்பதை நேரில் கண்டு விவரமாக எழுதினார். மனுஷர் மணிப் பைத்தியம். மணியைத் தவிர வேறெதையும் வாழ்நாளில் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

அந்த முறை இதுதான். 'லடா' என்று ஒரு நீண்ட இரும்புக் குழாய். அதன் முனையில் உருகிய கண்ணாடியைத் திரட்டித் திரட்டிப் பெரிய கூம்பாக ஏற்றுகிறார்கள். குழாய்க்குள்ளே ஓர் இரும்புக் கம்பியைச் செலுத்தி, கூம்பின் நடுவே வழி உண்டாக்குகிறார்கள். கூம்பை உலைக்குள் நீட்ட, எதிர்ப்பக்கத்து வாய் வழியாக இன்னொருவர் கொக்கியால் அதன் நுனியைப் பற்றி இழுக்கிறார். தேன் ஒழுகுவது போலக் கண்ணாடி மெல்லிய குழலாக வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே துளை தானாகவே கூட வருகிறது. இழுக்கிறவர் கை வேகம் குறைந்தால் குழல் தடிக்கும், அவசரப்பட்டால் அறுந்துவிடும். அப்புறம் குழல்களைப் பொடிப் பொடியாக நறுக்கி, சாம்பலோடு கலந்து சட்டியில் போட்டு வறுக்கிறார்கள். சூட்டில் கூர்முனை மழுங்கி மணி உருண்டு திரளும். சாம்பல் துளைக்குள் புகுந்துகொண்டு அது அடைபடாமல் காக்கும். மணியும் மணியும் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். பிறகு சலித்து, கோத்துச் சரமாக்குவார்கள். ஆயிரக்கணக்கில் மணி, அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே அளவில். இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணி' என்று பிரான்சிஸ்தான் பெயர் சூட்டினார். அரிக்கமேட்டுக் கழிவுகளையும் அவரே பரிசோதித்து, அங்கேயும் இதே தொழில்தான் நடந்தது என்று சொன்னார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்டியபோது, ரோமானியர்கள் தலைகாட்டுவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதும் ஸ்திரப்பட்டது.

"சரி, ரோமாபுரி போயிற்று, அரிக்கமேடு ஜெயித்தது" என்று நாம் கொடி ஏற்றிவிடலாமா? ஏற்றலாம்தான், ஆனால் அதே யந்திரம் நம் கொடியையும் கொஞ்சம் தாழ்த்துகிறது. உவர்மண் கண்ணாடியிலேயே பல குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது யுரேனியம், பேரியம் முதலிய அற்பசொற்பச் சத்துக்கள். (பயப்பட வேண்டாம், பாசிமணியால் ஆபத்தில்லை, கிரானைட் மணலில் இயற்கையாக இருக்கும் துளி அது.) யுரேனியம் குறைந்து பேரியம் மிகுந்த குடும்பம் ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பழைய காலத்தில் அதிகமாக வழங்கிய கண்ணாடி அதுதான். அதை மணலிலிருந்தே உருக்கி எடுத்த பட்டறைகளில் நிச்சயமாக அடையாளம் கண்ட ஒன்று இலங்கையில், குருநாகல் மாவட்டத்துக் கிரிபாவையில் இருக்கிறது. ஆகவே சோழமண்டலக் கரையில் இழுத்த மணிக்குக் கட்டி பாக்ஜலசந்தி தாண்டியும் வந்திருக்கலாம். இரு கரையிலும் மணல் ஒரே ஜாதிப் பாறையிலிருந்து வந்தது என்பதால், எந்தக் கரை என்று பிரிப்பது லேசில்லை. தோணியில் ஏறுகிறவனுக்கு அந்தக் காலத்தில் அது அந்நிய தேசமாகவே பட்டிராது என்பது என் ஊகம்.

இன்னொரு குடும்பத்தில் யுரேனியம் வெகு அதிகம். அது சுமார் 9ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டது. மேற்குக் கரையிலும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலும் கிடைப்பது. இரண்டு குடும்பத்துச் சிவப்பு மணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் என்பீர்கள். ஒன்றுக்கொன்று ஆயிரம் வருஷ இடைவெளி இருக்கும்!

மணி எங்கெங்கே போயிற்று என்பதும் இப்படித்தான் தெரியவந்தது. தாய்லாந்தின் தென்பகுதியில் குளோங் தோம் என்ற ஊரில் 'மணிமேடு' என்றே ஓர் இடம் இருக்கிறது. அங்கே மணிகளோடு, தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பத்தன் கல்' என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல்லும் கிடைத்தது. ஆக, சரக்கு மட்டும் போகவில்லை, சரக்குச் செய்கிற ஆட்களும் போயிருக்கிறார்கள். வியட்நாமில் ஓக் ஏயோ, மலேயாவில் சுங்கை மாஸ், இலங்கையில் மாந்தை என்று இந்த மணி கிடைத்த இடங்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். சீனத்து ஹான் வம்ச சரித்திரத்தில், அரசாங்க ஆட்கள் தென்கடல் வழியே பொன்னும் பட்டும் கொண்டுபோய் முத்தும் கண்ணாடியும் வாங்கி வந்ததாக எழுதியிருக்கிறது. கண்ணாடிக்கு அவர்கள் இட்ட பெயரே நம் 'வைடூரியம்' என்ற சொல்லிலிருந்து போனது என்பார்கள். அவர்கள் கடைசியாகச் சென்ற ஹுவாங்சி என்ற நாடு காஞ்சிபுரம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு.

இவ்வளவுக்கும் சிகரமாக 2016இல் ஒரு செய்தி வந்தது. கிராத்யூஸும் அவரோடு கான்ஸ்தாந்தேன் பியோன் என்பவரும், பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்துப் பழைய கல்லறைகளில் கிடைத்த பொடி மணிகளைப் பரிசோதித்தார்கள். மெரோவிங்கிய அரசர்கள் ஆண்ட 5, 6ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் அவை. அந்த நாட்டுப் பெண்களைப் புதைத்தபோது கூடவே வைத்த மணிகள். பார்த்தால் அதே அலுமினா, அதே உவர்மண் காரம். இந்தியா, இலங்கைப் பகுதியில் உருக்கிய கண்ணாடி! பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்ஸுவா மார்த்தேன் 1674இல் புதுச்சேரியில் வந்து இறங்குவதற்கு ஆயிரத்து நூறு, இருநூறு வருஷத்துக்கு முன்பே, நம் பக்கத்துப் பாசிமணி அவர்களுடைய நாட்டில் குடியேறி, ஒருத்தியின் கழுத்தோடு மண்ணுக்குள்ளும் போய்விட்டது. அவை அரிக்கமேட்டிலேயே இழுத்தவை என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கரையோரத்தில் காரைக்காடு, மணிக்கொல்லை என்று வேறு மணிப் பட்டறைகளும் இருந்திருக்கின்றன. எத்தனை கை மாறி, எந்தச் செங்கடலையும் பாலைவனத்தையும் தாண்டி அங்கே போயிற்றோ!

அந்தக் கல்லறை மணிகள் இவ்வளவு பேசியதற்கு யந்திரம் மட்டும் காரணமில்லை. எந்தக் குழி, எலும்புக்கூட்டின் எந்தப் பக்கம், கூட என்ன கொக்கி, என்ன நாணயம் என்று தோண்டியவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். யந்திரம் மணியின் சமையலைத்தான் சொல்லும். வயதையும் யார் கையில் இருந்தது என்பதையும் மணி கிடந்த இடம்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் 2009இல் தோண்ட ஆரம்பித்து ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகளை எடுத்தபோதும், கீழடியிலும், படிவம் படிவமாகக் கணக்கு வைத்தார்கள்.

அரிக்கமேட்டின் கதை அப்படியில்லை. துய்ப்ரேய் வாங்கிய மணிகளுக்கு, "சிறுவர்கள் பொறுக்கியது" என்பதைத் தவிர வேறு மேல்விலாசம் கிடையாது. அங்கே எடுத்த பொருள்களில் ஒரு பகுதி 1941இல் கப்பலேறி ஹனாய்க்குப் போயிற்று. மற்றவை சென்னை, புதுச்சேரி அருங்காட்சியகங்களிலும் தனியார் பெட்டிகளிலுமாகச் சிதறிப்போயின. மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டில் போய் மணி பொறுக்குவது அந்தப் பக்கத்துப் பழைய பழக்கம். தொல்பொருள் இலாகா பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை நட்டிருக்கிறது. ஆற்றுக்குப் பலகை படிக்கத் தெரியாது. லெ ஜான்தீல் காலத்தில் செங்கல்லை வெளியே காட்டிய அதே கரையை, ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வெள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருக்கிறது. கரையோடு சேர்ந்து மணியும் வரிசை கலைந்து சேற்றில் விழுகிறது. அலை அடங்கிய மாலையில் குனிந்து பார்த்தால், நண்டு வளைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று மினுங்கும்.